தாடை வலிக்கு எந்த டாக்டர்?

காதுக்குச் சற்று முன்னால் ஒரு வலி. மென்றால் கூடுகிறது, கொட்டாவி விடும்போது சுரீர் என்கிறது, காலையில் எழுந்ததுமே இரண்டு நெற்றிப்பொட்டும் கனக்கின்றன. இதற்கு யாரிடம் போவது? காதுவலி என்று நினைத்து ஈஎன்டி டாக்டரிடம் போனால், அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் காது சுத்தமாக இருக்கிறது என்பார். பல்வலி என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போனால் எக்ஸ்ரே எடுப்பார். சொத்தை ஒன்று தென்பட்டால் அடைப்பார், அல்லது ரூட் கெனால் செய்வார், வலி அப்படியே நிற்கும். தலைவலி என்று நரம்பியல் மருத்துவரிடம் போனால், மூளையை ஸ்கேன் எடுத்து, பயப்படும்படி ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவார். மூவர் சொன்னதும் உண்மைதான். தத்தம் எல்லைக்குள் தேடினார்கள், இந்த வலிக்கான காரணம் அங்கே அகப்படவில்லை. இப்படி மாதக்கணக்கில் அலைகிறவர்களுக்கு, எங்கோ ஒரு சரியான ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார், நமக்குத்தான் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் வந்துவிடுகிறது. என் கருத்து வேறு. இந்த நோயில் சரியான டாக்டரை, வலிக்கிற இடத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, பெயர்ப்பலகையில் உள்ள பட்டத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அவர் எப்படிப் பரிசோதிக்கிறார், சிகிச்சையை எதில் தொடங்குகிறார் என்ற இரண்டையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். சென்ற முப்பதாண்டு ஆய்வுகள் இந்த முடிவை நோக்கித்தான் நகர்ந்திருக்கின்றன.

முதலில் தாடை மூட்டைப் பார்ப்போம். இரண்டு சுட்டுவிரல்களையும் காதுத் துளைக்கு முன்னால் வைத்துக்கொண்டு வாயை மெல்லத் திறந்தால், விரலுக்கடியில் ஒரு எலும்புக் குமிழ் அசைவது தெரியும். தொடக்கத்தில் அது இருந்த இடத்திலேயே சுழலும். வாய் இன்னும் அகலத் திறக்கும்போது அந்தக் குமிழ் முன்னோக்கி வழுக்கிப் போகும். விரலுக்கடியில் ஒரு சிறு பள்ளம் விழும். சுழற்சியும் வழுக்கலும் இப்படி ஒரே அசைவில் சேர்ந்து வருவது இந்த மூட்டின் தனித்தன்மை. இன்னொன்றும் உண்டு: வலது, இடது என்று மூட்டு இரண்டு, ஆனால் அவற்றை இணைக்கும் தாடை எலும்பு ஒன்று. எனவே ஒரு பக்கம் நோவு வந்தால் மறுபக்கமும் தன் நடையை மாற்றிக்கொண்டாக வேண்டும். குமிழுக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவே கெட்டியான நாரால் ஆன ஒரு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டு சற்று முன்னால் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது குமிழ் அதன்மேல் ஏறும் நொடியில் 'டக்' என்று சத்தம் கேட்கும். இந்தச் சத்தம்தான் பலரைப் பயமுறுத்துகிறது. உண்மையில் வலியில்லாத சத்தம் பெரும்பாலும் தொந்தரவற்றது. அதற்குச் சிகிச்சை தேவையில்லை. வலியின் பிறப்பிடம் பல சமயங்களில் மூட்டே கிடையாது. கன்னத்தில் பல்லைக் கடித்தால் புடைக்கிற தசையும், நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்து தாடையை மேலே இழுக்கிற தசையும்தான் பெரும்பாலோருக்கு வலிக்கின்றன. பொட்டில் வரும் தலைவலியில் ஒரு பகுதி உண்மையில் மெல்லும் தசையின் வலிதான்.

பிறகு ஏன் அது காதில் தெரிகிறது, பல்லில் தெரிகிறது, கண்ணுக்குப் பின்னால் தெரிகிறது? முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோவது முப்பிரிவு நரம்பு. பற்கள், தாடை மூட்டு, மெல்லும் தசைகள், கண்ணைச் சுற்றிய பகுதி, மூக்கையொட்டிய சைனஸ் அறைகள், மூளையைப் போர்த்தியிருக்கும் உறையின் பெரும்பகுதி எல்லாவற்றின் வலிச்செய்தியும் இந்த நரம்பின் வழியாகவே போகிறது. மூளைத்தண்டின் அடியில் அது போய்ச்சேரும் நரம்பணுக் கூட்டம் கழுத்தின் மேற்பகுதிவரை இறங்கியிருக்கிறது. கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன. பல ஊர்க் கடிதங்களை ஒரே பையில் கொட்டி, அனுப்பிய முகவரி அழிந்த நிலையில் தலைமை அஞ்சலகத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பிரிப்பவர் ஏதோ ஓர் ஊரைக் குத்துமதிப்பாக எழுதுவார். மூளையும் அதைத்தான் செய்கிறது. கன்னத் தசையின் வலியைக் கடைவாய்ப் பல்லின் வலி என்று எழுதுகிறது. கழுத்துத் தசையின் வலியை நெற்றியில் கொண்டுபோய் வைக்கிறது. மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி மூளை உறையின் நரம்புகளில் புறப்பட்டாலும், கன்னத்திலும் மேல்தாடைப் பற்களிலும் வந்து உட்காரக்கூடும். அதைச் சைனஸ் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் ஆவி பிடிப்பவர்கள் ஏராளம். ஆகவே 'வலி எங்கே இருக்கிறது' என்ற கேள்விக்கு நோயாளி எவ்வளவு நேர்மையாகப் பதில் சொன்னாலும், அந்தப் பதில் 'வலி எங்கிருந்து வருகிறது' என்பதைச் சொல்லிவிடாது. வலிக்கிற இடத்தை வைத்து டாக்டரைத் தேர்ந்தெடுப்பது இங்கே தவறிப்போவதற்கு முதல் காரணம் உடலின் இந்தக் கட்டமைப்புதான்.

இரண்டாவது காரணம் வரலாறு. 1840-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் பல் மருத்துவத்துக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. அது முதல் வாய் ஒரு தொழிலுக்கும் மற்ற உடல் வேறொரு தொழிலுக்கும் என்று பாகப்பிரிவினை ஆனது. உலகின் பெரும்பகுதியில் அதுவே வழக்கமாகிவிட்டது. தாடை மூட்டு அந்த எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 1934-ல் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற மருத்துவர், பதினொரு நோயாளிகளைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். காதடைப்பு, தலைச்சுற்றல், முகவலி, தலைவலி ஆகியவை கடைவாய்ப் பற்கள் விழுந்ததால் தாடை அளவுக்கு மீறி மூடி, மூட்டு பின்னால் தள்ளி அழுத்துவதால் வருகின்றன என்பது அவர் கருத்து. காஸ்டன் பல் டாக்டர் அல்லர், காது மூக்கு தொண்டை மருத்துவர் என்பது கவனிக்கத்தக்கது. அவர் சொன்ன அழுத்தம் அப்படி நிகழ வழியில்லை என்று உடற்கூற்றியலாளர்கள் பின்னால் காட்டிவிட்டார்கள். கவனிப்பு சரி, காரணம் தவறு. ஆனால் அந்தத் தவறான காரணம்தான் நீண்டகாலம் வாழ்ந்தது. கடி சரியில்லை, பல் உயரம் சரியில்லை, அதைச் சரிசெய்தால் வலி போகும் என்ற நம்பிக்கையில், நோவில்லாத பற்கள் தேய்க்கப்பட்டன, உறை போடப்பட்டன, கம்பி கட்டப்பட்டன. 2003-ல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, பற்களைத் தேய்த்துக் கடியைச் சீராக்குவது இந்த வலியைக் குணப்படுத்துகிறது என்பதற்கோ வராமல் தடுக்கிறது என்பதற்கோ ஆதாரம் இல்லை என்று சொன்னது. அந்தத் தேய்ப்பு இன்றும் முற்றாக நின்றுவிடவில்லை. தேய்த்த பல் திரும்ப வளராது என்பதுதான் வேதனை.

இதைவிட வேதனையான ஓர் அத்தியாயமும் உண்டு. நழுவிய தட்டு படத்தில் தெரியத் தொடங்கியதும், நழுவியதை எடுத்துவிட்டால் போயிற்று என்ற எண்ணம் அறுவை மருத்துவத்தில் வலுப்பெற்றது. 1980களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோருக்குத் தட்டை நீக்கிவிட்டு, டெஃப்லான் கலந்த செயற்கைத் தகடு பொருத்தினார்கள். மெல்லும் விசையில் அந்தத் தகடு துகள்களாக உதிர்ந்தது. துகள்களை அழிக்க முனைந்த உடலின் அணுக்கள் பக்கத்து எலும்பையும் சேர்த்து அரித்தன. சிலருக்கு மண்டையோட்டின் அடித்தளம்வரை அரிப்பு போனது. 1990-ன் இறுதியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலர் இளவயதினர். முதலில் அவர்களுக்கு இருந்த வலியைவிடப் பல மடங்கு வலியோடு அவர்கள் மிச்ச வாழ்க்கையை ஓட்ட வேண்டியிருந்தது. அவர்கள் யாரும் போலி மருத்துவர்களிடம் போகவில்லை. முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவர்களிடம்தான் போனார்கள். பட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த வரலாறே காரணம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இதற்கு விடை தருவது, 1992-ல் தொடங்கி 2014-ல் புதுப்பிக்கப்பட்ட பன்னாட்டு நோயறிதல் முறை. அதன் அடிப்படை மிக எளிமையானது. டாக்டர் முதலில் ஒரு சிறு அளவுகோலால் மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளக்கிறார். 40 மில்லிமீட்டருக்குமேல் திறந்தால் பொதுவாகக் குறையில்லை என்று கொள்கிறார்கள். பிறகு விரல் நுனியால் கன்னத் தசையையும் நெற்றிப்பொட்டுத் தசையையும் வரிசையாக, ஓரிடமும் விடாமல், ஏறத்தாழ ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறார். மூட்டுக் குமிழின் மேல் அதில் பாதி அழுத்தம். அந்த அளவு கைக்குப் பழகுவதற்காகத் தராசுத் தட்டில் விரலை அழுத்திப் பயிற்சி எடுப்பதும் உண்டு. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் இரண்டு கேள்விகள்: வலிக்கிறதா? வலித்தால், நீங்கள் சொல்லிவந்த அதே வலிதானா? இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கிலோ அழுத்தத்துக்கு யாருக்கும் கொஞ்சம் நோகலாம். ஆனால் 'ஆமாம், இதே வலிதான், இதே தலைவலிதான்' என்று நோயாளி சொல்லும் புள்ளி கிடைத்துவிட்டால், அழிந்துபோன முகவரி திரும்பக் கிடைத்துவிட்டது என்று பொருள். தாடையிலிருந்து வரும் தலைவலி என்று முத்திரையிட, பொட்டில் வரும் அந்தத் தலைவலி தாடையின் வேலையால் கூடவோ குறையவோ வேண்டும், பரிசோதனையில் அதே தலைவலி கிளம்பவும் வேண்டும் என்று அந்த முறை கேட்கிறது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கை வேண்டும், பொறுமை வேண்டும், ஒரு கால்மணி நேரம் வேண்டும். முகத்தைத் தொடாமலே நோயின் பெயரைச் சொல்கிற டாக்டர், எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும், இந்த வலிக்கு உரியவர் அல்லர்.

கையால் தடவிப் பார்ப்பதைவிட எம்ஆர்ஐ எடுத்தால் உள்ளே இருப்பது அப்படியே தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வலியே இல்லாத தன்னார்வலர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தட்டு நழுவியிருந்தது. வலியில்லாதவர்களிடமே இவ்வளவு இருந்தால், வலியுள்ள ஒருவரின் படத்தில் அது தென்படுவதால் மட்டும் வலிக்கு அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? முதுகுவலியில் டிஸ்க் படத்தைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். படம் தேவைப்படும் நேரங்கள் உண்டு: வாய் திடீரெனத் திறக்க முடியாமல் போனால், கடி மாறிக்கொண்டே வந்தால், அடிபட்டிருந்தால், வீக்கம் இருந்தால். கைப்பரிசோதனை எழுப்பிய ஒரு கேள்விக்கு விடை தேடிப் படம் எடுப்பது முறை. படத்தில் கிடைத்த ஒன்றுக்காக நோயாளியை உருவாக்குவது முறையாகாது.

சிகிச்சை எதில் தொடங்குகிறது என்பது அடுத்த அளவுகோல். உலக அளவில் வயதுவந்தவர்களில் 6 முதல் 9 விழுக்காட்டினருக்கு இந்தத் தொல்லை இருப்பதாகச் சொல்லும் ஒரு வழிகாட்டுதலை, 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. நாட்பட்ட தாடை வலிக்கான பல வகைச் சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஆய்வுத் தொகுப்பு அதன் அடித்தளம். உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டவை: பயிற்சியாளரின் மேற்பார்வையில் தாடைக்கும் கழுத்துக்குமான உடற்பயிற்சிகள், தசை முடிச்சுகளைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, மூட்டை மெல்ல அசைத்துக் கொடுப்பது, எண்ணப் பழக்கங்களை மாற்றும் உளவியல் பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கமும் வீட்டிலேயே செய்யும் எளிய பயிற்சிகளும். கடுமையாக வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவற்றில், பற்களின் மேல் மாட்டிக் கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் தகடுகளும் தட்டை அகற்றும் அறுவையும் இருந்தன. இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால், சிகிச்சையின் முதல் பெரும்பகுதியைத் தரப்போகிறவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். 'சரியான ஸ்பெஷலிஸ்ட்' என்று தேடுகிறவர்கள் மனத்தில் கடைசியாக வருகிற ஆள் அவர்தான்.

உளவியல் பயிற்சி என்றதும் பலருக்குச் சுருக்கென்று கோபம் வரும். வலி கற்பனை என்கிறார்களா, மனநோயாளி என்று முத்திரை குத்துகிறார்களா என்ற கோபம். அதிலும் பெண்கள், தங்கள் வலியை 'டென்ஷன்' என்று தள்ளிவிடுவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். அந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே சொல்லப்படுவது வேறு. அமெரிக்காவில் 2006-ல் தொடங்கிய ஒப்பெரா ஆய்வு, தாடை வலி இல்லாத 2,700-க்கும் மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கு நால்வர் என்ற கணக்கில் புதிதாக வலி தோன்றியது. யாருக்குத் தோன்றியது என்று பார்த்தபோது, முன்பே தலைவலி, முதுகுவலி போன்ற பிற வலிகள் இருந்தவர்கள், உடலில் பல்வேறு சிறு உபாதைகள் இருந்தவர்கள், வலி வருவதற்கு முந்திய மாதங்களில் தூக்கம் கெட்டுவந்தவர்கள் ஆகியோரிடம் அதிகம் தோன்றியது. வலிச்செய்திகளை வாங்கும் நரம்பணுக்கள் தொடர்ந்து தூண்டப்பட்டால், சாதாரணத் தொடுகையையும் வலியென்று உரக்கச் சொல்லத் தொடங்குகின்றன. தூக்கமின்மையும் ஓயாத பதற்றமும் அந்தக் கூச்சலை அடக்குகிற மூளையின் சொந்த ஏற்பாட்டைப் பலவீனப்படுத்துகின்றன. கூடவே, கவலையில் மூழ்கியிருக்கும்போது பற்களை இறுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கமும் சேர்கிறது. ஓய்வில் உதடுகள் மூடியிருக்க வேண்டும், பற்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. கணினி முன்னாலோ, வண்டி ஓட்டும்போதோ, அடுப்படியிலோ ஒரு கணம் கவனித்தால், பலருக்குப் பற்கள் தொட்டுக்கொண்டே இருப்பது தெரியும். அந்த இறுக்கத்தைக் கண்டு விடுவிக்கக் கற்றுக்கொள்வது, தசைக்கு நேரடியாகத் தரும் சிகிச்சை. வலி முழுக்க உண்மையானது என்பதாலேயே அதன் எல்லாத் தூண்டுகோல்களையும் தொட வேண்டியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு அனுபவத்திலிருந்து வருகிறது. பல் டாக்டர் செய்துகொடுத்த நைட் கார்டை மாட்டிக்கொண்டு தூங்கினேன், வலி போய்விட்டது என்று சொல்பவர்கள் நிறைய. அவர்கள் சொல்வதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் இந்த வலி ஏறி இறங்கும் இயல்புடையது. மனிதர்கள் அது உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரைத் தேடுகிறார்கள். உச்சத்துக்குப் பிறகு எதைச் செய்தாலும் ஓரளவு இறங்கும். பற்களின் மேல் படாமல் அண்ணத்தை மட்டும் மூடும் ஒப்புக்கான தகட்டைக் கொடுத்து ஒப்பிட்ட பல சோதனைகளில், அதை அணிந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு நிவாரணம் கண்டார்கள். அதனால்தான் மேலே சொன்ன வழிகாட்டுதல், கழற்றி மாட்டும் தகட்டையும் வலிக்கான சிகிச்சையாக ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த மறுப்பு கடுமையானது அன்று, சூழ்நிலையைப் பொறுத்தது. இரவில் நறநறவென்று பல்லைக் கடிப்பவர்களுக்குப் பல் தேயாமல் காக்க, எல்லாப் பற்களையும் மூடும் தட்டையான கார்டு பயன்படும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கார்டு போட்டுப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் கழற்றி வைத்துவிடலாம். அந்தக் கார்டோடு நிற்காமல், இதை ஆறு மாதம் போட்டுத் தாடையை 'சரியான இடத்துக்கு'க் கொண்டுவந்த பிறகு வாய் முழுவதும் உறை போட வேண்டும் என்று முதல் நாளே ஒரு திட்டம் நீட்டப்பட்டால், அங்கேயிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. அதில் இரண்டாம் கட்டத்துக்குப் பிறகு திரும்பிப்போக வழியில்லை.

அறுவை மருத்துவரே தேவையில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பெரும் பிழை. சிறுவயதில் மோவாய் அடிபட விழுந்து, மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போய், வாயைத் திறக்கவே முடியாமல் வளரும் குழந்தைகளுக்கு அறுவைதான் வாழ்வு. எலும்பு முறிவு, கட்டி, முடக்குவாதத்தால் சிதைந்த மூட்டு ஆகியவற்றுக்கும் முக, தாடை அறுவை மருத்துவர்தான் உரியவர். இன்று பொருத்தப்படும் முழுச் செயற்கை மூட்டுகள் அந்தப் பழைய தகடுகளைப் போன்றவை அல்ல. வேறுபாடு இதுதான்: இந்த நோய்களில் என்ன கெட்டிருக்கிறது என்பது அறுவைக்கு முன்பே திட்டவட்டமாகத் தெரிகிறது. வலி ஒன்றே காரணமாக, மற்ற வழிகளைப் பார்க்காமல் மூட்டைத் திறப்பது வேறு. நம் ஊரில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாக்கும் பான் மசாலாவும் மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, விறைத்து, நாளாக ஆக வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். அது மூட்டு நோய் அன்று. பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய வாய்த்தோல் இறுக்கம். அதற்கு மூட்டுப் பயிற்சி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் காலம் வீணாகும். வாய்க்குள் பார்த்தாலே தெரிந்துவிடும் ஒன்றை, பார்க்காததால் தவறவிடுகிறார்கள்.

பொறுமையாகப் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லும்போது, பொறுக்கக்கூடாத வலிகளையும் சொல்லியாக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, நாலு வாய் மென்றதும் தாடை சோர்ந்து வலித்து, நிறுத்தினால் குறைந்து, தலை சீவும்போது மண்டைத்தோல் நொந்தால், அது தலையின் தமனிகளில் வரும் அழற்சியாக இருக்கலாம். சிகிச்சை தாமதித்தால் பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடிய நோய் அது; அன்றைக்கே பொதுமருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவு வரும்வரை காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்குவார்கள். மாடிப்படி ஏறும்போது தாடையில் தோன்றி, நின்றால் தணிகிற வலி இதயத்தின் குரலாக இருக்கலாம். முகம் கழுவினாலோ காற்றுப் பட்டாலோ மின்சாரம் தாக்கியதுபோல் நொடிநேரம் வெட்டிப்போகும் வலி முப்பிரிவு நரம்பின் தனி நோய். அதைப் பல்வலி என்று நினைத்து நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. கன்னத்திலோ உதட்டிலோ மரத்துப்போதல், நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கம், ஒரு காதில் மட்டும் அடைப்பும் கேட்புக் குறைவும், காரணமில்லாமல் எடை குறைவது இவையெல்லாம் தாமதிக்கக்கூடாதவை. ஒரு பக்கமாகத் துடித்து, குமட்டி, வெளிச்சம் பிடிக்காமல், இருட்டறையில் படுக்க வைக்கும் தலைவலி பெரும்பாலும் மைக்ரேன். தாடையும் சேர்ந்து வலித்தாலும் மைக்ரேனுக்கு உரிய மருந்து தனியாக வேண்டும். இரண்டும் ஒருவருக்கே இருப்பது சகஜம். ஒன்றை மட்டும் கவனித்தால் மற்றது அதைக் கிளறிக்கொண்டே இருக்கும். கடையில் வாங்கும் சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளும், பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளும் தொட்டு மாதக்கணக்கில் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் நோயாளிகளின் நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு, 2020-ல் அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகங்கள் இந்த நோய் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. மருத்துவமும் பல் மருத்துவமும் பிரிந்து நிற்பதால் நோயாளிகள் நடுவில் விழுகிறார்கள் என்று அது வெளிப்படையாகச் சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில் வாய், முக வலியியல் பல் மருத்துவத்தின் பன்னிரண்டாவது சிறப்புத் துறையாக அங்கே ஏற்கப்பட்டது. இந்தியாவில் அப்படித் தனி எம்டிஎஸ் பட்டம் இல்லை. அதற்கு மிக அருகில் இருப்பது வாய் மருத்துவமும் கதிரியலும் என்ற துறை. பல் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலும் வெளிநோயாளிகள் முதலில் போய் நிற்பது இந்தத் துறையின் வாசலில்தான். தாடை அசைவோடு கூடுகிற வலி என்றால் அங்கே தொடங்குவது பொருத்தம். தாடைக்குச் சம்பந்தமில்லாமல் வந்துபோகும் தலைவலி என்றால் பொதுமருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ தொடங்கலாம். சிறிய ஊரில் இவர்கள் யாரும் இல்லையே என்றால், பக்கத்தில் உள்ள பொதுமருத்துவர், பல் டாக்டர், பிசியோதெரபிஸ்ட் மூவருமே போதும். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டும், அவ்வளவுதான். நோயாளி கேட்க வேண்டிய கேள்விகளும் கடினமானவை அல்ல. இந்த வலியை அழுத்திக் கிளப்பிக் காட்ட முடிகிறதா? வேறு என்னவெல்லாம் இருக்கலாம் என்று பார்த்தீர்கள்? இந்தச் சிகிச்சையை நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? பலன் இருக்கிறதா என்று எத்தனை வாரத்தில் பார்ப்போம், இல்லையென்றால் யாரிடம் அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்கிற டாக்டரை நம்பலாம்.

வலியோடு இருப்பவர் இத்தனையும் தெரிந்துகொண்டு டாக்டரைச் சோதிக்க வேண்டுமா, இது அவர் தலையில் கட்டப்படும் கூடுதல் சுமை இல்லையா என்று கேட்டால், ஆம், சுமைதான். அதைக் குறைக்க வேண்டியவை மருத்துவக் கல்வி நிறுவனங்கள். எம்பிபிஎஸ் படிப்பவர் தலைவலி நோயாளியின் கன்னத்தையும் பொட்டையும் அழுத்திப் பார்க்கவும், பிடிஎஸ் படிப்பவர் பல்வலி என்று வருபவரிடம் வெளிச்சம் கூசுகிறதா, குமட்டுகிறதா என்று கேட்கவும் பழகினாலே பாதி அலைச்சல் குறையும். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டியதில்லை. சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரி பொது மருத்துவமனையும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. இப்படி அருகருகே இருக்கும் இடங்களிலாவது, வாய் மருத்துவர், நரம்பியல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் மூவரும் வாரத்தில் ஒரு முற்பகல் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே சீட்டில் எழுதும் ஒரு பிரிவு நடக்க வேண்டும்.